கணினிக்கு நாள் குறித்தவர்கள்!

நாள் குறித்துவிட்டார்கள், தோழர்களே! 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்குத் தாங்கள் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுறும் என்று அமெரிக்க நாட்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. அறிவித்தபடியே முடித்தும் வைத்தது.

படிப்பகத்து மூலையில் இருக்கிறதே ஒரு கணினி, அது அன்று பழுதாகிவிட்டதா? இல்லை. தொழிற்சங்க அலுவலகத்தில் சந்தாக் கணக்கு எழுதும் கணினி நின்றுவிட்டதா? இல்லை. பிள்ளையின் படிப்புக்கென்று சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய மடிக்கணினியின் திரை இருண்டுவிட்டதா? அதுவும் இல்லை. விசையைத் தட்டினால் எழுத்து வந்தது, விசிறி சுழன்றது, எல்லாம் முந்தின நாள் போலவே நடந்தன. ஆயினும், “இது இனி ஆகாது, வேறு வாங்கிக்கொள்!” என்று கடல் கடந்து ஒரு தீர்ப்பு வந்தது. உழைக்கும் பொருளை உதவாப் பொருள் என்று கூறும் உரிமை, அதை விலைகொடுத்து வாங்கியவனுக்கு இல்லை, விற்றவனுக்கு இருக்கிறது! வணிகமா இது, வரிவசூலா?

“அதற்கென்ன, விண்டோஸ் 11ஐப் போட்டுக்கொள்ளலாமே” என்கின்றனர் சிலர். போட்டுக்கொள்ளலாம், கணினி அதற்குத் தகுதியுடையதாயின்! டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். ஏறத்தாழ 2018க்குப் பின் வந்த செயலி வேண்டுமாம். நம்மவர் வீட்டிலும் மன்றத்திலும் இருப்பவை எத்தகையவை என்பதை நாம் அறிவோம். இரண்டாம் கையாக வாங்கியவை, அலுவலகங்கள் கழித்துவிட்டவை, அண்ணனுக்குப் பின் தம்பிக்கு வந்தவை. இவற்றுக்கு அந்த வாயிலில் இடமில்லை. இத்தனைக்கும், விண்டோஸ் 10 வந்த 2015ஆம் ஆண்டில், இதுவே விண்டோஸின் இறுதிப் பதிப்பு என்று அந்நிறுவனத்து ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையிலேயே கூறினார். ஆறே ஆண்டில், 2021 அக்டோபரில், பதினொன்று பிறந்தது!

ஓராண்டுத் தவணையும் தந்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. அந்தத் தவணைக்கு மூன்று வழி: 30 டாலர் கட்டு, அல்லது அவர்களுடைய பரிசுப் புள்ளிகள் ஆயிரம் சேர்த்துக் கொடு, அல்லது உன் கணினியின் அமைப்புகளை எங்கள் கிடங்கில் ஒப்படைத்துவிடு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்பினர் தட்டிக் கேட்டனர். அங்குள்ளோர்க்கு மட்டும் காசுமில்லை, ஒப்படைப்புமில்லை, நிறுவனக் கணக்கில் நுழைந்தால் போதும் என்று நிபந்தனை தளர்ந்தது. பாரிசில் வாழும் காரைக்காலார் ஒருவருக்கு ஒரு நீதி; புதுவையில் வாழும் அவர் தம்பிக்கு வேறொரு நீதி! கேட்டவன் பெற்றான் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

திருத்தம் இல்லாத விண்டோஸிலேயே காலந்தள்ளலாம் என்று எண்ணுவோரும் உண்டு. வேண்டாம், தோழர்களே. 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்றொரு நச்சுநிரல் கிளம்பி, சில நாட்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப்போட்டு, பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மருத்துவமே தடைப்பட்டது. அது நுழைந்த ஓட்டை, அமெரிக்க உளவுத்துறை கண்டறிந்து தனக்கென ஒளித்து வைத்திருந்த ஓட்டை! அடைப்பதற்கான திருத்தம் இரண்டு திங்களுக்கு முன்பே வந்திருந்தது. அதைப் பெறாத கணினிகளே பெரிதும் வீழ்ந்தன. எனவே, திருத்தம் நின்ற கணினியை இணையத்தில் திரியவிடுவது வீரமாகாது.

ஆனால், திருத்தம் வேண்டும் என்றால் புதுக்கணினி வேண்டும் என்பதுதான் பொய்!

வேறு வழி உண்டு. அதன் பெயர் லினக்ஸ். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற நான்கு உரிமைகளையும் மக்களுக்குத் தரும் ஓர் இயங்குதளம் படைப்பேன் என்று அறிவித்து, குனு என்று பெயரிட்டுப் பணி தொடங்கினார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது வயது 21, அதற்கு வேண்டிய கருவைப் படைத்து ஊருக்கு வழங்கினார். இரண்டும் இணைந்தன. உலகெங்குமுள்ளோர் கூடி இழுக்கும் தேராயிற்று.

ஏளனம் செய்தார்கள்! 2001இல் மைக்ரோசாஃப்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய் என்றே பழித்தார். பழித்தவர் கட்டிய கோட்டைக்குள் இன்று என்ன நடக்கிறது? 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டுவதற்கு அந்நிறுவனமே வழி செய்து தருகிறது! 2017 நவம்பர் முதல் உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகள் பட்டியலில் ஒன்றுவிடாமல் எல்லாம் லினக்ஸில் ஓடுகின்றன. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்டிராய்டு கைப்பேசியின் அடியிலும் அதே கருதான். “லினக்ஸா, எனக்குத் தெரியாதே!” என்று கூறும் தோழர், அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவ்வாறு கூறுகிறார்.

பின் ஏன் தயக்கம்? இங்கே இரு சாராரோடு நமக்கு வழக்கு.

முதற் சாரார் கைவிரிப்போர். “அது பொறியாளர்க்கு உரியது, நமக்கு ஆகாது, உள்ளதும் போய்விடும்” என்பர். இரண்டாம் சாரார் கையோங்குவோர். இளைஞர், ஆர்வத்தால் சிவந்த கண்ணினர். “இன்றே அழி விண்டோஸை! இப்போதே ஏற்று லினக்ஸை!” என்று கிளைச் செயலாளரின் கணினி மேல் பாய்வர். உறுப்பினர் பட்டியல் போகும். மூன்றாண்டுக் கணக்குப் போகும். மாநாட்டுப் படங்கள் போகும். போனபின், “பார்த்தீர்களா, நான் அன்றே சொன்னேன்!” என்று முதற் சாரார் எக்காளமிடுவர். கைவிரிப்போர் பத்து ஆண்டில் செய்யும் கேட்டை, கையோங்குவோர் பத்து நிமிடத்தில் செய்து முடிப்பர். இருவருமே அறியாத செய்தி ஒன்று உண்டு: லினக்ஸை, விண்டோஸின் மேல் ஒரு கீறலும் விழாமல், ஓட்டிப் பார்க்கலாம்!

எப்படி என்பதைப் பிரெஞ்சுக்காரரிடமே கேட்போம்.

புதுவைக் காவலர் இன்றும் தலையில் அணியும் செந்நிறக் கெப்பித் தொப்பி, பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற அடையாளம். வெளியூரார் வந்து வியந்து படம் பிடிப்பர். அந்தப் பிரான்சு நாட்டின் தேசியக் காவற்படை, ழாந்தார்மெரி, என்ன செய்தது தெரியுமா? 2005இல் அலுவலக வேலைகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஆபிஸை விட்டு ஓப்பன் ஆபிஸுக்கு மாறியது. அப்போது இயங்குதளம் விண்டோஸேதான். 2006இல் இணைய உலவிக்கு ஃபயர்ஃபாக்ஸ், அஞ்சலுக்குத் தண்டர்பேர்டு. அப்போதும் விண்டோஸ்தான்! காவலரின் கையும் கண்ணும் புதிய கருவிகளுக்குப் பழகிய பின்னரே, 2008 முதல் அடித்தளத்தை உருவி, உபுண்டு லினக்ஸை வைத்தது. ‘ஜென்புண்டு’ என்று தனிப் பெயரும் சூட்டிக்கொண்டது. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்தப் படையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதில் ஓடுகின்றன. தொப்பியை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். தொப்பி தந்தவர் தளையை அறுத்துக்கொண்டார்!

படிப்படி, தோழர்களே! அதுவே முறை. நம் ஊரின் விடுதலையே படிப்படியாகத்தானே நிறைவுற்றது? 1936 ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக்கு மார்பு காட்டி மாண்ட மண் இது; வீரம் இங்கே குறைவில்லை. ஆயினும் ஆட்சி கைமாறியது எங்ஙனம்? 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றனர். நவம்பர் 1இல் ஆட்சி நடைமுறையில் மாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28இல். சட்டப்படி முழுமையாக மாறியதோ 1962 ஆகஸ்டு 16இல்! எட்டாண்டுக் காலம் நடைமுறை மாற்றம். அதன் பின்னர்ச் சட்ட மாற்றம். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர்க்கு, அதன் பிறகும் ஆறு திங்கள் தவணை கொடுத்தார்கள். ஓர் ஊரே எட்டாண்டு எடுத்துக்கொண்ட இடத்தில், உங்கள் கணினிக்கு எட்டு வாரம் எடுத்துக்கொண்டால் என்ன குடிமுழுகிவிடும்?

கேளுங்கள் முறையை.

முதலில், இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். தீர்மானங்களையும் கணக்குகளையும் சில வாரம் அவற்றில் எழுதிப் பழகுங்கள். லினக்ஸில் நாளை நீங்கள் காணப்போவது இவற்றையேதான். பயத்தில் பாதி இங்கேயே கழன்றுவிடும்.

அடுத்தது, படி எடுத்து வைத்தல். பட்டியல், கணக்கு, படம், எது போனால் நெஞ்சு பதறுமோ அதையெல்லாம் வேறொரு வன்தட்டில் படியெடுத்து, அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கழற்றாத படி, படி அன்று! திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்யாத படியும் அப்படியே.

இன்னொன்று, பலர் அறியாதது. அண்மைக்காலத்து விண்டோஸ் கணினிகள் பலவற்றில், உடையவருக்கே தெரியாமல், வன்தட்டு பிட்லாக்கர் என்னும் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். கணினியின் தொடக்க அமைப்புகளில் கை வைத்தால், 48 இலக்கத் திறவெண் ஒன்றைக் கேட்கும். எண் இல்லையேல் கதவு திறவாது. எனவே அமைப்புகளில் அந்தப் பூட்டு உண்டா என்று பார்த்து, இருந்தால் அந்த எண்ணைத் தாளில், ஆம், தாளில் எழுதி வையுங்கள். கணினிக்குள்ளேயே எழுதி வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

இனி லினக்ஸ். விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. கீழ்ப்பட்டையும் தொடக்கப் பட்டியலும் பழகிய இடத்திலேயே இருக்கும். சென்னையில் உள்ள சி-டாக் என்னும் நடுவணரசு நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் உண்டு. எதுவாயினும், அதை வெளியிடுவோரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்; அங்கே கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே கயவர் புகுந்து, நஞ்சிட்ட பிரதியை ஒருநாள் வழங்கிவிட்டனர். மறைக்காமல் மறுநாளே ஊரறியச் சொன்னார்கள் அதை நடத்துவோர். அது அவர்கள் நேர்மை. ஒப்பிட்டுப் பார்த்தவர் தப்பினார். அது அவர் விழிப்பு.

8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். அதிலுள்ளவை அழிந்துபோகும், ஆகவே வெற்றுப் பென் டிரைவாக இருக்கட்டும். ரூஃபஸ் என்னும் சிறு கருவி, இறக்கிய கோப்பை அதில் எழுதிக் கொடுக்கும். கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கணினிக்குக் கணினி மாறும் ஏதோ ஒரு விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டுங்கள். சில நிமிடத்தில் லினக்ஸ் உங்கள் முன் நிற்கும்!

எங்கே நிற்கிறது அது? வன்தட்டில் அன்று. பென் டிரைவிலும் கணினியின் தற்காலிக நினைவகத்திலுமே நிற்கிறது. நீங்களாகத் திறந்து எழுதினாலன்றி, வன்தட்டில் ஓரெழுத்தும் மாறாது. அணைத்து, பென் டிரைவை உருவி, மீண்டும் இயக்கினால் பழைய விண்டோஸ், ஒன்றும் அறியாததுபோல் வந்து நிற்கும். இதுதான் நவம்பர் 1. ஆகஸ்டு 16 அன்று!

அந்த நிலையில் உலவுங்கள். வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? மன்றத்து அச்சுப்பொறி அச்சிடுகிறதா? தமிழ்99 விசைப்பலகையில் தட்டினால் தமிழ் வருகிறதா? திரைமுகமே தமிழில் வேண்டும் என்றால் அதுவும் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டியே தமிழன்பர்கள் கூலி கேளாமல் லினக்ஸ் திரைமுகத்தைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த முதலாளியின் அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: பென் டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகவே இருக்கும், அதைக்கொண்டு லினக்ஸே மந்தம் என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். அதில் எழுதிய கோப்பு, அணைத்தால் மறையும், அதையும் மறவாதீர்கள்.

திரையில் ‘இன்ஸ்டால்’ என்றொரு படம் இருக்கும். அதைத் தொடாதவரை அச்சமில்லை. மனம் நிறைந்த பின், இரண்டும் அருகருகே இருக்கட்டும் என்று நிறுவலாம். அதற்குமுன் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்பதை நிறுத்துங்கள். அது இருந்தால், அணைத்ததாக நீங்கள் நினைக்கும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் வன்தட்டைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். வன்தட்டில் இடம் ஒதுக்குவதையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். நிறுவும்போது ‘எரேஸ் டிஸ்க்’ என்ற சொல் கண்ணில் பட்டால், கையை எடுத்துவிடுங்கள்! கையோங்குவோர் அழுத்துவது அதைத்தான். மன்றத்தில் கழித்துப்போட்ட பழங்கணினி ஒன்று இருந்தால் இந்தச் சங்கடமே இல்லை; அதில் முழுவதுமாக நிறுவிக் கொள்ளலாம்.

எல்லாம் லினக்ஸில் ஆகுமா? ஆகாது, ஆகும் என்று சொல்பவன் வணிகன். வணிகர் சங்கத் தோழர் டாலியில் கணக்கு எழுதுகிறார். அது விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. சுவரொட்டி அடிக்கும் அச்சகத்தார் பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும், ஒருங்குறிக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில் பல்லாண்டுக் கோப்புகளைக் குவித்து வைத்திருக்கிறார். வரி அலுவலுக்கு மின்கையொப்பச் செருகியைப் பயன்படுத்துவோர்க்கும் தொல்லை வரலாம். இவர்கள் விண்டோஸை வைத்துக்கொள்ளட்டும். அல்லது இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். கடிதம் எழுதவும், ஏடு படிக்கவும், படம் பார்க்கவும், கணக்குப் போடவும் மட்டுமே கணினி வைத்திருக்கும் பெரும்பாலோர், எதற்காக ஒரு நிறுவனத்துக்குக் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

“மியூனிச் நகராட்சி லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வரவில்லையா?” என்று கேட்பர் படித்த எதிர்ப்பாளர். வந்தது, மறைக்கவில்லை. 2003இல் முடிவெடுத்தது; 2013 வரை மாற்றியது; 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. 2003இல் அந்த முடிவைத் தடுக்க ஸ்டீவ் பால்மரே நேரில் பறந்துவந்து மேயரைக் கண்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். ஒரு நகராட்சியை இழப்பதற்கு அவ்வளவு பதறினார்கள்! அதே ஐரோப்பாவில் ழாந்தார்மெரி நிலைத்து நிற்கிறதே, அதை ஏன் சொல்வதில்லை? நம் ஒன்றியப் பகுதியின் உறுப்பாகிய மாகியைச் சூழ்ந்திருக்கும் கேரளத்தில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்களே, அதை ஏன் சொல்வதில்லை? எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், 2014இல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்குத் திருத்தம் நின்றபோது, அரசு அலுவலகங்களுக்கு ‘பாஸ்’ பரிந்துரைக்கப்பட்டதே, அது நினைவில்லையா? எக்ஸ்.பி.க்கு அன்று நேர்ந்ததுதான் பத்துக்கு இன்று நேர்ந்தது. பதினொன்றுக்கு மட்டும் நேராதா?

கடைசியாக ஒரு சாரார். “நான்தான் காசே கொடுப்பதில்லையே! கள்ளப் பிரதி போட்டிருக்கிறேன், முதலாளியை ஏய்த்துவிட்டேன்” என்று மார்தட்டும் தோழர்கள். யார் யாரை ஏய்த்தது? 1998இல் பில் கேட்ஸே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சீனத்தில் எப்படியும் திருடத்தான் போகிறார்கள், திருடுவது நம்முடையதாகவே இருக்கட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலிக்கும் வழியைக் கண்டுகொள்ளலாம் என்ற கருத்தில் அவர் கூறினார். தூண்டில் முள்ளில் இருக்கும் புழுவுக்கு மீன் விலை கொடுப்பதில்லைதான்! அதுமட்டுமா? கள்ளப் பிரதியைத் திறக்க எவனோ எழுதிய நிரலை ஓட்டுகிறீர்களே, அதற்குள் என்ன இருக்கிறது என்று அறிவீர்களா? சட்டப்படி, சரிபார்த்து, சோதித்து ஏற்கும் லினக்ஸுக்கு அஞ்சுகிறவர், முகமறியா எத்தன் கொடுத்த நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்!

தனியே செய்யத் தயங்குவோர் தனியே செய்ய வேண்டியதில்லை. புதுவையில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தார் உள்ளனர். பக்கத்தே விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் உள்ளனர். தமிழிலேயே படிக்கக் கணியம் இதழ் உள்ளது. கிளைக்கு ஒரு பென் டிரைவ் எழுதிவைத்தால், வீட்டுக்கு வீடு கைமாற்றிச் சோதிக்கலாம். அப்படிக் கைமாற்றுவதைச் சட்டமே அனுமதிக்கும் பொருள் இது. உதவி கேட்டுப் போகும்போது, கணினியின் மாதிரிப் பெயர், நினைவகத்தின் அளவு, அச்சுப்பொறியின் மாதிரி எண் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கும்.